வீட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்

போன மாதம் எங்கள் ஃபிளாட் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி போட்டேன். "இனிமேல் யாரையும் வீட்டு எண்ணைச் சொல்லிக் குறிப்பிட வேண்டாம். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர், கூடவே அண்ணன், அக்கா, ஐயா, அம்மா, தம்பி, எது பொருந்துமோ அது." அவ்வளவுதான் செய்தி. இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள், ஒருவர் "வேற வேலை இல்லையா" என்று கேட்டார், மற்றவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று அங்கே விளக்கி எழுதவில்லை. அங்கே எழுதினால் ஒருவருக்குத் திரும்பவும் வலிக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, அக்கா என்றே எழுதுகிறேன். கீழே வரும் வீட்டு எண்ணும் உண்மையான எண் இல்லை.

நாங்கள் இருப்பது பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம். பழைய ஃபிளாட், பதினாறு மாடி, இரண்டு லிஃப்ட். சீனக் குடும்பங்கள் அதிகம், மலாய்க்காரர்களும் இருக்கிறார்கள், அப்புறம் நம்மவர்கள் ஐம்பது குடும்பம் போல. எல்லாருக்கும் பொதுவாக ஜேஎம்பி, அதாவது கட்டடத்தைப் பராமரிக்கும் கூட்டு நிர்வாக அமைப்பு, ஒரு குழு வைத்திருக்கிறது, அதில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புகள் வரும், தொட்டி கழுவுகிறோம், லிஃப்ட் நிற்கும் என்கிற மாதிரி. நான் சொல்வது தமிழ்க் குடும்பங்களின் குழு. அது 2020இல் ஆரம்பித்தது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததே, அந்த வாரம். வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம் என்றிருந்தது, பிறகு அதுவும் பத்து கிலோமீட்டருக்குள் என்று ஆனது. அப்போது யார் பாசாருக்குப் போகிறாரோ அவர் நாலைந்து வீட்டுக்கும் சேர்த்துக் கீரை, தேங்காய், மீன் வாங்கிவந்து, ஒவ்வொரு வீட்டு கிரில்லிலும் பையை மாட்டிவிட்டு, கணக்கைக் குழுவில் போடுவார். அந்த நாட்களின் செய்திகளை இப்போது மேலே தள்ளிப் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. "அக்கா வெண்டிக்காய் முத்தலா இருந்துச்சு, வாங்கல, பரவால்லையா?" "அண்ணே மீன் காசு ஆறு வெள்ளி அம்பது காசு, அவசரமில்ல." "ஆன்ட்டி கதவ தொறக்காதீங்க, பை வெளிய இருக்கு."

வீட்டு எண் குழுவுக்குள் வந்தது அப்போதுதான். "9-3க்கு ரெண்டு கட்டு பசலை, 12-7க்குத் தேங்காய்" என்று எழுதுவோம், பையை எந்தக் கிரில்லில் மாட்ட வேண்டும் என்று தெரியவேண்டுமே. அன்றைக்கு அது கீரை போய்ச் சேர வேண்டிய முகவரி, வேறு ஒன்றும் இல்லை. நோய்க் காலம் முடிந்தது, பை மாட்டுவது நின்றது, எண் மட்டும் தங்கிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அது ஆளுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொண்டது. "12-7 மோட்டார் வழியில நிக்குது." "5-10 துணியிலேர்ந்து தண்ணி சொட்டுது." "3-1 புள்ளைங்க சத்தம் தாங்கல." நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பெயரைச் சொன்னால் சண்டை மாதிரி ஆகிவிடும், எண்ணைச் சொன்னால் பொதுவாக இருக்கும் என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு என்று புரிய எனக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆயின.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மணி பத்தரை இருக்கும். கீழே அறிவிப்புப் பலகையில் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். ஒட்டுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி வீடுகள்) நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிகளில், பாக்கிக்காரர் பெயர், வீடு, தொகை மூன்றையும் எழுதிக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் வைக்கலாம் என்றும், மாதாமாதம் அந்தப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நான் கணக்கு வேலை பார்ப்பவள், ஒருமுறை ஜேஎம்பி கூட்டத்துக்குப் போவதற்காக உட்கார்ந்து படித்தேன். பலகை என்றுதான் அதில் இருக்கிறது. அதைப் படம் பிடித்து, ஒரே ஒரு வீட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, தூங்கப் போகிற நேரத்தில் நூற்று முப்பது பேர் கைக்குள் கொண்டுபோய் வைக்கலாம் என்று எங்கேயும் இல்லை.

வைத்தார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி: "9-3 ஓசியில லிஃப்ட் ஏறுது."

பதினோரு பேர் அதற்குச் சிரிப்பு முகம் போட்டார்கள். அதில் ஒன்று என்னுடையது. ஏன் போட்டேன் என்று யோசித்துப் பார்த்தால் சொல்வதற்குக் காரணமே இல்லை. படுக்கையில் இருந்தேன், கண் பாதி மூடியிருந்தது, வரியைப் படித்ததும் சிரிப்பு வந்தது, விரல் போய்விட்டது. படத்தைப் பெரிதாக்கி யார் பெயர் என்று பார்க்கக்கூட இல்லை. 9-3 யார் என்று அந்த நிமிடம் எனக்கு நினைவுக்கே வரவில்லை என்பதுதான் உண்மை, அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் எனக்கு அந்த அக்காவை நன்றாகத் தெரியும். 2024 ஜனவரியில் சுங்கை டூவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்ற வேண்டியிருந்து, 10ஆம் தேதியிலிருந்து நான்கு நாள் பினாங்கில் பல இடங்களில் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது நான் போதுமான அளவு பிடித்து வைக்கவில்லை. இரண்டாம் நாளே வாளி காலி. அந்த அக்காதான் தன் வீட்டு டிரம்மிலிருந்து இரண்டு வாளி மொண்டு, "சின்னவன குளிப்பாட்டும்மா, பள்ளிக்கூடம் போவணும்ல" என்று மகனிடம் கொடுத்து ஆறாம் மாடிக்கு இறக்கி அனுப்பினார். அந்த மனுஷிக்குத்தான் நான் சிரித்தேன்.

மறுநாள் காலை கடைக்குப் போய்விட்டு வந்து லிஃப்ட்டுக்கு ஓடுகிறேன், கதவு மூடப் போகிறது, உள்ளேயிருந்து யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தினார்கள். அக்கா. ஒரு கையில் பாசார் பை, மறு கை விரல் இன்னும் பொத்தானில். "வாம்மா வா" என்றார். நான் உள்ளே வந்ததும் அவரே ஆறாம் எண்ணையும் அழுத்தினார். எங்கள் லிஃப்ட் மெதுவாகத்தான் ஏறும். அதில் நான்காம் மாடிக்கு 4 என்று இருக்காது, 3ஏ என்றுதான் இருக்கும். 3, 3ஏ, 5 என்று ஒவ்வொன்றாக விளக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவருடைய கைப்பேசி பாசார் பையின் மேல், பூவன் பழச் சீப்புக்குப் பக்கத்தில், முகம் மேலே தெரிய வைத்திருந்தது. யார் யார் சிரித்தார்கள் என்று அந்தப் பொம்மையைத் தொட்டால் பெயரோடு வரும், உங்களுக்குத் தெரியும். ஆறாம் மாடி வந்ததும் "சின்னவன் நல்லாருக்கானா?" என்று கேட்டார். "நல்லாருக்கான்க்கா" என்றேன். கதவு மூடிக்கொண்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்பதாம் மாடிக்குப் போனேன். பழம் ஏதாவது வாங்கிப் போகலாமா என்று யோசித்து, அது விலை கொடுப்பது மாதிரி இருக்கும் என்று வெறுங்கையோடு போனேன். உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார், பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பாக்கி வெச்சிருக்கேன், அது உண்மைதானே, அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்" என்றார். அப்புறம் சொன்னதுதான் எனக்குள் இன்னும் இருக்கிறது. "பேரச் சொல்லி திட்டியிருந்தா தாங்கியிருப்பேம்மா. 'ஏறுறா'ன்னு போட்டிருந்தாக்கூட ஒரு பொம்பளன்னு நெனப்பு இருந்திருக்கும். 'ஏறுது'ன்னு போட்டாங்க பாரு."

நாம் எல்லாரும் தமிழ்ப் பள்ளியில் உயர்திணை, அஃறிணை படித்தவர்கள்தான். மனிதருக்கு ஒரு வினை, மாட்டுக்கும் மேசைக்கும் வேறு வினை. அக்கா வருகிறார், வண்டி வருகிறது. எண்ணை எழுவாயாக வைத்தால் வினை தானாக அஃறிணைக்குப் போய்விடுகிறது, எழுதுகிறவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் மொழி அங்கே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. "12-7 சொல்றாங்க" என்று யாரும் எழுதுவதில்லை, "12-7 சொல்லுது" என்றுதான் வரும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் இந்த வித்தியாசம் வினையில் தெரியாது. நம் மொழியில் தெரியும், நன்றாகவே தெரியும், அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் பத்தரை மணி இரவில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்தால் கட்டாயம் தெரியும்.

இதே மாதிரிதான் 'ங்க'வும். எங்கள் குழுவில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், இளையவர்கள் முக்கால்வாசிப் பேர். அவசரத்தில் எதைச் சுருக்குவது என்று வந்தால் முதலில் போவது கடைசியில் இருக்கும் அந்த 'ங்க'தான். "எடுங்க" என்பது "எடு" ஆகிறது, "சொல்லுங்க" என்பது "சொல்லு" ஆகிறது. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு "வண்டிய எடு" என்று எழுதிவிட்டான். பெரியவர் பதில் எழுதவில்லை, இறங்கிவந்து வண்டியை எடுத்தார், அன்றோடு குழுவை விட்டு வெளியேறிவிட்டார். பையனிடம் கேட்டேன். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை, "வாயில சொன்னா 'எடுங்க அங்கிள்'னுதான்க்கா வரும், டைப் பண்ணும்போது வரல" என்றான். நான் அதை நம்புகிறேன். நேரில் பேசும்போது முகம் இருக்கிறது, கை இருக்கிறது, வயதைக் கண் பார்க்கிறது, 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. திரையில் அதை நினைத்துப் போட வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஊர் காதும் மாறுகிறது, பினாங்கு மலாயில் 'ஹாங்' (நீ) என்று கூப்பிட்டால் இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, கோலாலம்பூரில் வளர்ந்த என் நாத்தனாருக்கு இன்னும் அது முகத்தைச் சுளிக்க வைக்கும். அதனால் கேட்பவர் காதுக்கு எப்படி விழும் என்று ஒரு விநாடி யோசிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தப் பெரியவரை நான்கு பேர் போய்ப் பார்த்துப் பேசினோம், பையனும் வந்தான். இன்னும் அவர் குழுவுக்குத் திரும்பவில்லை. கீழே பார்த்தால் பேசுகிறார்.

சரி, படம் போட்டவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. அவர் முப்பது வயதுத் தம்பி, நல்ல பிள்ளை. அவருடைய அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், பதினான்காம் மாடி. அந்த மாதம் ஒரு லிஃப்ட் முழுதாக நின்றுவிட்டது, இன்னொன்று நினைத்தால் ஓடும். ஒருநாள் இரண்டுமே நின்றபோது அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அவரும் ஒரு மலாய் நண்பரும் பதினான்கு மாடி தூக்கி இறக்கியிருக்கிறார்கள். பழுது பார்க்கப் பணம் இல்லை என்று ஜேஎம்பி சொன்னது. நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் பத்து விழுக்காட்டுத் தொகையைச் சேம நிதிக்கென்று தனியாகக் கட்ட வேண்டும், லிஃப்ட் மாதிரிப் பெரிய செலவெல்லாம் அதிலிருந்துதான். ஆட்கள் கட்டாவிட்டால் நிதி இல்லை, நிதி இல்லாவிட்டால் லிஃப்ட் இல்லை. அவருடைய கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன, அவர் வட்டம் போட்டது ஒரே ஒரு வீட்டுக்கு, ஏனென்றால் அவற்றில் தமிழ்க் குழுவில் இருந்த ஒரே வீடு அதுதான். யாரிடம் சொன்னால் காதில் விழுமோ அவர்களிடம் கத்தினார். மோட்டார் நிறுத்தும் இடத்தில் அவரைப் பார்த்துப் பேசியபோது தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, அந்த வீடு அவங்க வீடுன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றார். என்னை மாதிரியேதான். எண் தெரியும், ஆள் தெரியாது. 'எல்லாருக்கும் அழி' என்பதை அழுத்தலாம் என்று பார்த்தால் இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஆனதும் அந்த வசதியும் போய்விடுகிறது, படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதற்குள் யார் யார் எங்கெங்கே அனுப்பினார்களோ தெரியவில்லை.

மன்னிப்பு எங்கே கேட்பது என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாக்குவாதமே வந்தது. நேரில் போய்க் கேட்டாயிற்றே, போதும் என்றார் அவர். எனக்கு அது போதவில்லை. நாலு பேர் பார்க்கச் சிரித்துவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் போய் மன்னிப்பு கேட்டால், அந்த நாலு பேர் கண்ணில் அக்கா இன்னும் சிரிப்புக்குரியவராகத்தானே இருக்கிறார். எங்கே காயம் பட்டதோ அங்கேதான் மருந்தும் போட வேண்டும். ஆனால் அக்காவிடம் கேட்டபோது, "வேணாம்மா, திரும்ப அதக் கிளறாத" என்றார். அதையும் மீறி நான் போட்டிருந்தால் அது என் மனம் ஆறுவதற்காகத்தான் இருக்கும், அவருக்காக இல்லை. அதனால் பேசாமல் இருந்தேன். மூன்று வாரம் கழித்து லிஃப்ட்டில் பார்த்தபோது அவரே, "நம்பர் போடாம எழுதறதா இருந்தா எழுது" என்றார். எழுதினேன். "சில வாரம் முன்னால் ஒரு படத்துக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அது தவறு. சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்லிவிட்டேன், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். மன்னித்துவிடுங்கள்." எந்தப் படம், யார் என்று ஒரு சொல் இல்லை. பத்து நிமிடம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் அந்தத் தம்பி, "நானும்" என்று ஒரே சொல். அதற்கப்புறம் மூன்று பேர். மற்ற ஆறு பேர் எழுதவில்லை, அவர்களை நான் ஒன்றும் கேட்கவில்லை.

இதெல்லாம் ஒரு ஃபிளாட்டில் நடக்கிற சின்ன விஷயம், இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றும். 2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் தமிழ்ப் பெண் ஒருவர் இணையத்தில் வந்த வசைகளைத் தாங்க முடியாமல் உயிரை விட்டது யாருக்கும் மறந்திருக்காது. வசைபாடியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் நூறு வெள்ளி, 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தில் அவ்வளவுதான் முடியும். நூறு வெள்ளி என்று கேட்ட அன்றைக்கு வேலையிடத்தில் என்னால் சோறு சாப்பிட முடியவில்லை. அதற்கப்புறம் சட்டம் மாறியது. குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்து 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன, மிரட்டுவதும் இழிவாகப் பேசித் துன்புறுத்துவதும் இப்போது தனிக் குற்றம். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவிலும் அபராதம் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வெள்ளிவரை ஏறியிருக்கிறது. குழுவை நடத்துகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2012இல் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 114ஏ பிரிவின்படி, நிர்வாகி என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வெளியிட்டார் என்று முதலில் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. நானும் எங்கள் குழுவின் மூன்று அட்மின்களில் ஒருத்தி. அன்று இரவு நான் செய்திருக்க வேண்டியது அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டுப் பேசுவது. நான் செய்தது சிரிப்பு.

அந்தப் பெண்ணின் செய்தியையும் எங்கள் ஃபிளாட் விஷயத்தையும் நான் ஒன்றாக வைக்கவில்லை, இரண்டும் ஒரே அளவு இல்லை. ஆனால் அந்தப் பதினோரு சிரிப்பை அக்கா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறார். "பதினோரு பேரும்மா, நீ ஒருத்திதான் வந்து சொன்ன" என்று தேத்தண்ணி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் விடியற்காலை ஐந்தரைக்கே கீழே இறங்கி, ஆள் நடமாட்டம் கூடுவதற்குள் வேலைக்குப் போயிருக்கிறார். என்னோடு லிஃப்ட்டில் ஏறிய அன்று தவிர வேறு யாரோடும் ஏறவில்லையாம், ஆள் இருந்தால் அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திருந்தாராம். அதுவும் ஒரே லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்த மாதம்.

பள்ளியில் திங்கட்கிழமை சபைக்கூடலில் வரிசையாக நின்று ருக்குன் நெகாரா என்கிற நாட்டுக் கோட்பாடுகளைச் சொல்வோமே, அதன் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, ஒருவரோடு ஒருவர் எப்படி இருப்பது என்பதை உட்கார்ந்து பேசி 1970 ஆகஸ்ட் 31இல் அறிவித்தார்கள். சின்ன வயதில் அந்த ஐந்தாவது வரி வந்ததும் முடியப்போகிறது என்று காலை மாற்றி நிற்பேன். நாடு அவ்வளவு அடிபட்ட பிறகு கடவுள், மன்னர், அரசியலமைப்பு, சட்டம் என்று நான்கும் சொல்லிவிட்டு ஐந்தாவதாக இதையும் சேர்த்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. இப்போது என் மகனும் அதே வரியைச் சொல்கிறான்.

குழுவில் இப்போது சில பழக்கங்கள் வந்திருக்கின்றன, ஒரே நாளில் வந்தவை இல்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் வீட்டுக் கதவைத் தட்டுவது, தட்டக் கூச்சமாக இருந்தால் தனியாக அழைத்துப் பேசுவது, அதிலும் சரிவராவிட்டால்தான் குழு. இதில் பாதிப் பிரச்சினை கதவிலேயே முடிந்துவிடுகிறது, துணியிலிருந்து தண்ணீர் சொட்டிய வீட்டில் வாஷிங் மெஷின் கெட்டுப்போய்க் கையால் பிழிந்துகொண்டிருந்தார்கள் என்பது தட்டிய பிறகுதான் தெரிந்தது. இரவு பத்துக்கு மேல் அவசரம் தவிர எதுவும் போடுவதில்லை. அப்புறம் ஒன்று, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது: யாராவது இறந்த செய்தி வந்தால் அன்று முழுக்க வேறு எதுவும் போடுவதில்லை. முன்பெல்லாம் ஒருவர் அப்பா தவறிய செய்தியைப் போட்ட இரண்டாவது நிமிடம் அதன் கீழே ரோஜாப் பூவும் காலை வணக்கமும் வந்து உட்காரும், போட்டவர் மேலே பார்த்திருக்கவே மாட்டார். இப்போது பார்க்கிறார்கள். மேலே இரண்டு செய்தியைப் படித்துவிட்டுத் தன்னுடையதைப் போடுவது என்பதே நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டு எண் விஷயம்தான் இன்னும் முழுக்கப் போகவில்லை. கை பழகிவிட்டது. போன வாரம்கூட ஒருவர் "5-10" என்று ஆரம்பித்து, அவரே அழித்துவிட்டு, அண்ணன் என்று போட்டு எழுதினார், 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்ற வரியைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்கா பாக்கியை மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வருகிறார், ஜேஎம்பி ஒத்துக்கொண்டிருக்கிறது. ஏன் பாக்கி விழுந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த இரவுக்குப் பிறகு போன வாரம் வரை குழுவில் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை, படிப்பார், அவ்வளவுதான். மோட்டார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் அவர் நட்ட கறிவேப்பிலை மரம் ஒன்று இருக்கிறது, நன்றாக உயரமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஜேஎம்பி ஆட்கள் வந்து கிளையை வெட்டச் சொன்னதால் வெட்டியிருக்கிறார். மதியம் குழுவில் ஒரு படம் வந்தது, பழைய நாளிதழ் விரித்து அதன் மேல் கறிவேப்பிலை மலை மாதிரி. "கருவேப்பில நெறைய இருக்கு. வேணுங்கறவங்க சொல்லுங்க."

நான் எழுதுவதற்குள் அந்தப் பதினான்காம் மாடித் தம்பி முந்திக்கொண்டார். "அக்கா, அம்மா கேக்கறாங்க. கொஞ்சம் எடுத்து வைங்க, நான் வந்து வாங்கிக்கறேன்."

"எடுத்துப் பையில போட்டுட்டேன் தம்பி. 9-3க்கு வாங்க, கிரில்லுல மாட்டியிருக்கு."